ராஜபாளையம் நாய் என்ன சாப்பிட்டது?

ராஜபாளையம் நாயைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்தால் கடைசியில் நான்கு விஷயங்கள்தான் கையில் மிஞ்சும். வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, காட்டுப்பன்றி வேட்டை, பாளையக்காரர் போர். வெள்ளைக்காரன் குதிரைப்படை மேல் பாய்ந்த கதையைச் சொல்லாத ஆளே கிடையாது. ஆனால் அந்த நாய் காலையில் என்ன சாப்பிட்டது, யார் காய்ச்சி ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள் என்று சொல்கிற ஆள் அபூர்வம்.

எனக்கு வீரக் கதையைவிட இந்தக் கேள்வியில்தான் ஆர்வம் அதிகம். வறண்ட சீமையில் 25, 30 கிலோ எடையுள்ள ஒரு நாயை வளர்ப்பது என்றால் வீட்டில் இன்னொரு வயிறு கூடுகிறது என்று அர்த்தம். அந்த வயிற்றுக்குத் தானியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால் ஊரின் கதையும் கூடவே வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று நாய் வளர்க்கிறவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று நடக்கிறது. பாக்கெட் தீனிதான் சரி என்று ஒரு கட்சி. வீட்டில் பொங்கிப் போடுவதுதான் சரி, நம்ம முன்னோர்கள் கூழை ஊத்தித்தானே சிங்கம் மாதிரி நாய் வளர்த்தார்கள் என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்காரர்கள் சொல்கிற வரலாறு பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிட்டதால் இன்றைக்குப் பல வீடுகளில் குட்டிகளின் கால் வளைகிறது. அந்த மீதிப் பாதியைத்தான் இந்தக் குறிப்பில் தேடுகிறேன்.

முதலில் இடம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊருக்கும் மேற்கே மலை. மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனம், நெல், தென்னை, மாந்தோப்பு. கிழக்கே சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் போகப் போகக் கரிசல் காடு. அங்கே கம்பும் சோளமும் பருத்தியும். 1910 வரை இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, பிறகு ராமநாதபுரம், 1985-இல் விருதுநகர் மாவட்டம். நிர்வாகம் மாறிக்கொண்டே இருந்தாலும் கரிசல் பக்கத்து அடுப்பில் கம்பும் சோளமும்தான் கொதித்தன. நெல்லுச்சோறு என்பது நல்ல நாள், பெரிய நாளுக்கு.

இந்த நிலத்தில் இரண்டு நாய்கள் உருவாகின. மலையடிவாரத்தில் கனத்த உடம்போடு, பன்றியை மறித்து நிற்கிற ராஜபாளையம். கரிசல் வெளியில் முயலை விரட்டி ஓடுகிற, விலா எலும்பு தெரிகிற சிப்பிப்பாறை. ஊர்ப் பெயரே நாய்ப் பெயர். சுற்றிலும் சேத்தூர், சிவகிரி என்று ஜமீன்கள். ஜமீன்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு, விவசாயிக்குப் பன்றி விரட்டுவது பிழைப்பு. இரண்டு பேருக்கும் நாய் வேண்டியிருந்தது.

இனி பானைக்குள் எட்டிப் பார்ப்போம்.

கம்பங்கூழ் எப்படிச் செய்வார்கள் என்று தெரியாத தலைமுறை வந்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். மேல்தோல் உமியாகக் கழன்று வரும். சுளகில் புடைத்து உமியைத் தள்ளிவிட்டு மறுபடி இடித்தால் மாவும் குருணையும் கிடைக்கும். குருணையை முதலில் வேகவைத்து, பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டி இறக்கினால் கம்பஞ்சோறு. சூடு ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்த உருண்டையை நீச்சுத்தண்ணியோடு கரைத்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய்.

நாய்க்கும் இதே கூழ்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் "ஐயா, நாய்க்குன்னு தனியா என்ன வைப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "தனியா என்னத்த வைக்க தம்பி? நமக்குக் காய்ச்சின கூழுதான் அதுக்கும். நமக்கு முன்னாடி ஊத்துறதா, பின்னாடி ஊத்துறதாங்கறதுதான் வித்தியாசம். காவலுக்குப் போற நாய்னா முன்னாடி."

இந்த முன்னாடி, பின்னாடியில் பெரிய விஷயம் இருக்கிறது. தமிழில் 'நாய்க்குப் போடுற சோறு' என்றால் வசவு. மிச்சம், எச்சில், வழித்துப் போட்டது என்று பொருள். தெருநாய்க்கு அது சரி. அது கல்யாண வீட்டு எச்சில் இலையில் வளர்ந்தது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய்க்கு மிச்சத்தை நம்பிப் பிழைக்க முடியாது. ஏனென்றால் அந்த வீடுகளில் மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எனவே உலை வைக்கும்போதே நாய்க்கும் சேர்த்துத்தான் அளந்து போட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு அளந்திருப்பார்கள்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால்நடை மருத்துவர்கள் நாயின் எடையை வைத்து அதன் எரிசக்தித் தேவையைக் கணக்கிடும் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி 28 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடுகிற நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 1,350 கலோரி வேண்டும். கம்பில் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. ஆக, வேறு எதுவும் இல்லாமல் கம்பை மட்டும் கொடுத்தால் நாளுக்கு 385 கிராம். வேட்டைக் காலத்தில் இதைவிடக் கூடும்.

385 கிராம் என்பது வெறும் எண்ணாகத் தெரியலாம். பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-இன் தொடக்கத்தில், ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் கல் உடைத்து மண் சுமந்த ஆண் கூலிக்கு நிர்ணயித்த தானியம் ஒரு பவுண்டு. கூடக் கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இது மனிதனைக் கொல்லும் அளவு என்று போராடினார், சில மாதங்களில் அளவைக் கூட்டினார்கள். டெம்பிள் ஒரு மனிதனுக்குப் போதும் என்று நினைத்ததும் ஒரு ராஜபாளையம் நாய்க்கு உண்மையில் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் யாரால் இந்த நாயை வளர்க்க முடிந்தது என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களுமே பதில். ஜமீனால் முடியும். காடு கழனி, மாடு கன்று உள்ள சம்சாரியால் முடியும். கூலிக்குப் போனவன் வீட்டு நாய் நாட்டுநாய்தான், அது தன் இரையைத் தானே தேடிக்கொண்டது. 'நம்ம ஊரு நாய்' என்று இன்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறோம். நாய் பொதுவானதாக இருந்திருக்கலாம், அதற்கு ஊற்றிய கூழ் அப்படி இல்லை.

சரி, கூழ் போதுமா?

நாய் ஓநாய் வழி வந்தது, அதற்குக் கறிதான் உணவு, தானியம் சேராது என்று பாக்கெட் தீனி விளம்பரங்களில் ஒரு வகை சொல்கிறது. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்சல்சனும் குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் வழக்கமாக 2 பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 வரை. விவசாயியின் வீட்டு வாசலில் படுத்துக் கிடந்து, அவன் ஊற்றியதைக் குடித்துக் குடித்து, நாயின் உடம்பே மாறிப்போயிருக்கிறது. விவசாயமே இல்லாத பனிப் பிரதேசத்து ஹஸ்கி போன்ற இனங்களிடம் இந்தப் பிரதிகள் குறைவு என்பதையும் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். ஆகவே தானியம் நாய்க்கு அன்னியம் இல்லை.

ஆனால் செரிப்பது வேறு, போதுவது வேறு. 385 கிராம் கம்பில் சுமார் 42 கிராம் புரதம். அமெரிக்காவில் தீவனத் தரம் வகுக்கிறவர்கள் வளர்ந்த நாய்க்குச் சொல்கிற குறைந்தபட்ச அளவின்படி நம்ம நாய்க்கு நாளுக்கு 60 கிராம் வேண்டும். அதில் அரை லிட்டர் மோர், அதிகம் தண்ணீர் விடாத மோர், ஊற்றினால் 15 கிராம் கூடி 57-க்கு வந்துவிடும். கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. அதோடு கம்பில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பாலில் அது தாராளம். கூழும் மோரும் சேர்வது ருசிக்காக மட்டும் இல்லை. ராத்திரி முழுக்கப் புளிக்கவைப்பதால் தானியத்தில் சத்துகளைக் கட்டிவைத்திருக்கிற பைட்டேட்டும் குறைகிறது.

இந்தக் கணக்கை ஏதோ நம் முன்னோருக்கு மட்டும் வந்த ஞானம் என்று யாரும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய வர்ரோ, ஆட்டுக் காவல் நாய்க்குப் பார்லி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்கிறார். அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த கொலுமெல்லா பார்லி மாவை மோர்த் தெளிவில் கலக்கச் சொல்கிறார். செத்த ஆட்டின் கறியை மட்டும் நாய்க்குக் காட்டாதே, ருசி கண்டுவிட்டால் மந்தையிலேயே கை வைக்கும் என்பது வர்ரோவின் எச்சரிக்கை. 'கறி போட்டுப் பழக்குனா வெறி புடிக்கும்' என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதன் ஒன்றுவிட்ட சித்தப்பா. மாடு வைத்திருக்கிற, தானியம் விளைவிக்கிற எந்த ஊரிலும் நாய்க்குக் கிடைத்தது தானியமும் பாலில் மிஞ்சியதும்தான். வெண்ணெய் எடுத்த பிறகு மோர் விலை போகாத பொருள். கூழுக்கு ஊற்றியது போக நாய்க்கு ஊற்றுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா நினைவுக்கு வந்திருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதை நாய்க்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாலும் சீனியுமாகச் சுண்டிய பண்டம் நாய்க்கு எதற்கு? நீங்களே சாப்பிடுங்கள்.

இப்போது விட்டுப்போன பாதிக்கு வருகிறேன்.

கூழ் ஊற்றி வளர்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாய் கட்டிலுக்கு அடியில் கட்டிக் கிடந்த நாய் இல்லை. வயக்காட்டில் எலி பிடித்தது, ஓணான் பிடித்தது, முயல் விரட்டியது. பன்றி விழுந்தால் நாய்க்குப் பங்கு உண்டு. குடல், நுரையீரல், ரத்தம், எலும்பு. இந்தப் பங்கு உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆங்கிலத்தில் வேட்டையாடப்படும் விலங்கைக் குறிக்கும் 'குவாரி' என்ற சொல்லே, உரித்த தோலின் மேல் குடலைப் பரப்பி நாய்களுக்குக் கொடுத்த பழைய பிரெஞ்சு வழக்கத்தில் இருந்து வந்ததுதான். ஆக ராஜபாளையம் நாய்க்கு மூன்று சமையலறைகள் இருந்தன. வீட்டு அடுப்பு, வயல், காடு. வீட்டு அடுப்பு வயிற்றை நிரப்பியது. கால்சியத்தையும் துத்தநாகத்தையும் ஏ உயிர்ச்சத்தையும் வயலும் காடும் கொடுத்தன. எலியை முழுசாகத் தின்கிற நாய்க்கு எலும்பும் ஈரலும் சேர்ந்தே கிடைக்கிறது. அதை யாரும் சமையல் குறிப்பாக எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அதை யாரும் சமைக்கவில்லை. பெரியவர்களிடம் 'நாய்க்கு என்ன வச்சீங்க' என்று கேட்டால் தாங்கள் வைத்ததை மட்டும்தான் சொல்வார்கள். நாய் தானாகத் தின்றது அந்தக் கணக்கில் வராது.

நாய்க்கும் மனிதனுக்கும் நடுவில் இந்தப் பங்குக் கணக்கு தமிழ் நிலத்தில் மிகப் பழசு. நாயை ஞமலி என்று அழைத்த காலத்திலேயே வேட்டுவனும் நாயும் சேர்ந்துதான் போனார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே அவன் நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு எசமான் பக்கத்தில் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டுகிற அளவுக்கு மதித்தவர்கள் அதற்கு எச்சிலைப் போட்டு வளர்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த மூன்று சமையலறைகளும் ஒவ்வொன்றாக மூடின. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நாய்க்கூட்டம் வைத்துத் தீனி போட்ட பெரிய வீடுகள் சுருங்கின. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை குற்றமானது. மேற்கே உள்ள காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. காட்டுக்கு இது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாயின் தட்டில் அதன் விளைவு என்ன என்பதுதான் இங்கே பேச்சு. வயலும் போயிற்று. தோட்டக் காவலுக்கு நாய் வளர்த்த இடத்தில், கௌரவத்துக்காக மாடியில் கட்டி வளர்க்கிற பழக்கம் வந்தது. மாடியில் ஏது எலி?

மிஞ்சியது அடுப்பு ஒன்றுதான். அந்த அடுப்பிலும் கொதித்தது மாறிப்போனது. அறுபதுகளின் கடைசியில் இருந்து அரிசி அரசியலின் மையத்துக்கு வந்தது. 2006-இல் ரேஷனில் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011-இல் இருந்து இலவசம். பஞ்சத்தில் செத்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மேலே எழுதிய எண்ணைப் பார்த்தாலே தெரியும். மனிதர்கள் கம்பை விட்டார்கள், நாயும் விட்டது. சந்தடியில் நாய்க்கு நேர்ந்தது இதுதான்: 385 கிராம் கம்புக்குப் பதிலாக அதே அளவு அரிசி போட்டால் புரதம் 42 கிராமில் இருந்து 30 கிராமுக்கு இறங்குகிறது. தவிடு போன அரிசியில் தாது உப்புகளும் சொற்பம். மாட்டை விற்றுவிட்டு பாக்கெட் பால் வாங்குகிற வீட்டில் மோரும் நின்றுபோனது. 'கூழ் ஊத்தி வளர்த்தோம்' என்பது 'சோறு போட்டு வளர்க்கிறோம்' ஆனது. பெயர் ஒன்றே போலத்தான், வீட்டுச் சாப்பாடு. உள்ளே இருப்பது வேறு.

ஒரு நல்லதும் நடந்தது. பிராய்லர் கோழி. பல்லடம் பக்கத்தில் இருந்து கிளம்பி ஊருக்கு ஊர் கறிக்கடை வந்தபோது, மனிதர் தின்னாத தலை, கால், கழுத்து, குடல் எல்லாம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. இன்று ராஜபாளையத்தைச் சுற்றி நாய் வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலும் காணக் கிடைப்பது இந்தச் சமையல்தான்: பெரிய அலுமினியச் சட்டி, ரேஷன் அரிசி, கோழி வேஸ்ட், ஒரு கை மஞ்சள்தூள், விறகடுப்பு. காடு கொடுத்ததைக் கறிக்கடை திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம், ஓரளவுக்கு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பை எடுத்துவிடுகிறார்கள். எலும்போடு கால்சியமும் போய்விடுகிறது.

அரசாங்கம் இந்த நாயைக் கவனிக்காமல் இல்லை. கால்நடைத் துறை 1980-81 வாக்கில் சைதாப்பேட்டையில் நாட்டு நாயினங்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியது. 2005 ஜனவரியில் தபால்தலை வெளியிட்டார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளச் செயலகம் முறையாகப் பதிவு செய்த நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. சு. தியடோர் பாஸ்கரன் 2017-இல் இந்திய நாய்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார். எல்லாம் இனத்தூய்மை, எண்ணிக்கை, நிறம், காது கேளாமை பற்றியது. அந்தக் காது கேளாமை தீனியால் வருவதில்லை, வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற மரபணுச் சங்கதி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உணவு மாற்றினால் காது கேட்கும் என்று மருந்து விற்கிறவர்கள் உண்டு.

பாக்கெட் தீனியின் கதை தனியாக எழுத வேண்டிய அளவுக்கு சுவாரசியம். சுருக்கமாக: ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், இடிதாங்கி விற்க லண்டன் போனவர், 1860-களில் கோதுமை, காய்கறி, கறிச்சக்கை கலந்து நாய் பிஸ்கட் சுட்டு விற்றார். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசிய பிஸ்கட்டை நாய்கள் தின்றதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பார்கள். அவர் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன் சார்லஸ் கிரஃப்ட். 1891-இல் அவர் தொடங்கிய நாய்க் கண்காட்சிதான் இன்றைய கிரஃப்ட்ஸ். நாய்க்கண்காட்சியும் நாய்த்தீனி வியாபாரமும் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள். 1922-இல் அமெரிக்காவில் டப்பாவில் அடைத்த குதிரைக்கறி, 1957-இல் பியூரினா கம்பெனி சோளப்பொரி செய்கிற மாதிரி எந்திரத்தில் அழுத்திப் பொரித்த உலர் தீனி. இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்குவது அதன் பேரப்பிள்ளைகள். அதிலும் முதல் சரக்கு பெரும்பாலும் தானியம்தான் என்பதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். வித்தியாசம், விட்டுப்போன தாதுவையும் உயிர்ச்சத்தையும் அளந்து கலந்திருப்பார்கள். நல்ல கம்பெனி என்றால்.

அந்த அளந்து கலப்பதில்தான் வீட்டுச் சமையல் தோற்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2013-இல் ஒரு வேலை செய்தார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சத்துக் கணக்குப் போட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. அவற்றில் சில கால்நடை மருத்துவர்களே எழுதியவை. இது அமெரிக்கச் சமையலறையின் கதை. ரேஷன் அரிசியும் கோழித்தலையும் போட்ட நம்ம சட்டியை அந்தத் தராசில் நிறுத்தினால் துத்தநாகம், டி உயிர்ச்சத்து, அயோடின் என்று வரிசையாக ஓட்டை தெரியும் என்பது என் கணிப்பு. முக்கியமாகக் கால்சியம்.

குட்டிகள் கால் வளைவது இதனால்தான். ராஜபாளையம் குட்டி வேகமாக வளர்கிற குட்டி. வளர்ந்த நாயைவிட அதற்குக் கலோரிக்குக் கலோரி இரண்டு மடங்குக்கு மேல் கால்சியம் வேண்டும். கறியும் சோறும் மட்டும் தின்கிற குட்டியின் உடம்பு, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து கால் வளைந்து நிற்கும். 'நல்லாக் கறி போட்டும் இப்படி ஆயிருச்சே' என்பார்கள். நல்லாக் கறி போட்டதால்தான். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு கோழி முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 28 கிலோ நாயின் ஒரு நாள் தேவை 1.7 கிராம். ஓட்டைக் கழுவி, வறுத்து, அம்மியிலோ மிக்சியிலோ நைசாகப் பொடித்துக் கலந்தால் அந்த ஓட்டை அடைபடும். கேழ்வரகு இன்னொரு வழி. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிசியில் பாதியைக் கேழ்வரகாக மாற்றி, வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் ஈரல், முட்டை, பூசணிக்காய் என்று போனால் பழைய மூன்று சமையலறையில் இரண்டரை திரும்பிவிடும். மீதி அரைக்கு மருந்துக்கடைத் தாதுக் கலவை. குட்டிக்கும் சினை நாய்க்கும் கையளவை நம்பாமல் மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கூழுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயம் நாய்க்கு ஆகாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தாளித்த கூழ், குழம்பு விட்டுப் பிசைந்த சோறு எல்லாம் இதில் அடக்கம். அந்தக் காலத்தில் நாய்க்குக் கூழை வெறுமனே ஊற்றினார்கள், வெங்காயம் மனிதன் கையில் இருந்தது.

கம்புக்கு இப்போது நல்ல காலம். இந்தியா கேட்டு ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ராஜபாளையத்து சூப்பர் மார்க்கெட்டில் கம்பு அரைக் கிலோ பாக்கெட்டில், கண்ணாடித்தாளில், சர்க்கரை நோயாளிக்கு உகந்தது என்ற சீட்டோடு இருக்கிறது. ஏழைத் தானியம் என்று நாய்க்கு ஊற்றப்பட்ட கம்பு, விலை ஏறிப்போனதால் இன்று நாய்க்கு எட்டவில்லை. பன்னிரண்டு நாய் வைத்திருக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணாச்சி, அதெல்லாம் மனுசனுக்கு. நான் மாட்டுத் தீவனக் கடையில கம்பு வாங்குதேன். மூட்டையாக் கெடைக்கும். கல்லும் மண்ணும் கெடக்கும், பொடைச்சுக்கிட வேண்டியதுதான்" என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு சுளகு இருந்தது.